தோள்ல இருக்கிற அந்த விரல் யாரோடது?

கேள்வி: அக்கா, அம்மாவோட 70வது பிறந்தநாளுக்கு ஃபோட்டோஷாப்ல டிஜிட்டல் ஸ்கிராப்புக் (பூ, ரிப்பன்னு அலங்காரம் வச்ச ஃபோட்டோ ஆல்பம்) பண்ணேன். ரெடியா கட்டம் போட்ட டெம்ப்ளேட் டவுன்லோட் பண்ணி மொத்தம் 24 பக்கம், ரெண்டு மாசமா தினம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து பண்ணது. பிரிண்ட் போட்டுக் குடுத்தா அம்மா மடமடன்னு புரட்டினாங்க, 9வது பக்கத்துல மட்டும் கொஞ்ச நேரம் விரலை வச்சுப் பாத்துட்டு "நல்லாருக்கும்மா"ன்னு மூடி வச்சுட்டாங்க. அப்புறம் தொடவே இல்ல. மனசே விட்டுப்போச்சு. காசு குடுத்து நல்ல டெம்ப்ளேட் வாங்கியிருக்கணுமா? அண்ணன் வாட்ஸ்அப்ல அனுப்பின படமெல்லாம் 1600 பிக்சல்தான் இருந்துச்சு, அதுவும் மங்கலா வந்திருக்கு. அப்புறம் ஒரு சின்ன டவுட்டு. 9வது பக்கத்துல கட்டத்துக்குள்ள அடங்கலைன்னு வலது ஓரத்துல நின்ன ஒருத்தங்களை வெட்டிட்டேன், யாருன்னு தெரியல. இப்ப அம்மா தோள்ல அவங்க விரல் மட்டும் தெரியுது. க்ளோன் ஸ்டாம்ப்ல (பக்கத்து இடத்தைக் காப்பி பண்ணி மேல பூசுற டூல்) அழிச்சா நல்லா வருமா?

பதில்: அழிக்காதீங்க. மொதல்ல அதைச் சொல்லிடறேன், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

"நான் இவ்ளோ பண்ணேன், அவங்க கண்டுக்கல"ன்னு எனக்கு வர்ற லெட்டருக்குக் கணக்கே இல்ல தங்கச்சி. எல்லாரும் எதிர்பாக்கிறது ஒரு வார்த்தை, உங்க உழைப்பு வீண் போகலன்னு. நான் சொல்லப்போறதில்ல. ரெண்டு மாசம் தூங்காம இருந்ததை அவ்ளோ விவரமா எழுதுறீங்க, டெம்ப்ளேட் பத்திக் கவலைப்படுறீங்க, விஷயத்தைக் கொண்டுபோய் கடைசியில "சின்ன டவுட்டு"ன்னு ஒட்டி வச்சிருக்கீங்க. அது சின்னதா? 24 பக்கத்துல அம்மா நின்னு பாத்தது ஒரே ஒரு பக்கம், நீங்க ஆளை வெட்டினதும் அதே பக்கம். ரெண்டையும் நீங்களேதான் எழுதியிருக்கீங்க, எழுதும்போதே உறைக்கலையா?

நான் அங்க இல்ல, இருந்தாலும் சொல்றேன், அம்மா விரல் அந்த விரல் மேலதான் நின்னிருக்கும். தோள்ல கை போடுற அளவுக்குப் பழக்கம்னா அக்காவா இருக்கலாம், கூடப் படிச்சவங்களா இருக்கலாம், ஒரு கஷ்டகாலத்துல கூட நின்னவங்களா இருக்கலாம். உங்களுக்கு "யாரோ ஒருத்தங்க". அம்மா அதே வீட்டுலதானே இருக்காங்க, ரெண்டு மாசத்துல ஒரு நாள் "இது யாரும்மா"ன்னு கேக்க ரெண்டு நிமிஷம் கிடைக்கலையா? சர்ப்ரைஸ் கெட்டுப்போயிடும்னு சொல்லுவீங்க. கெட்டுப்போனா போகட்டுமே. 70 வயசுல அவங்களுக்கு வேண்டியது சர்ப்ரைஸ் இல்ல, பக்கத்துல உக்காந்து கதை கேக்கிற ஒரு ஆள். பெத்தவங்க இருக்கும்போதே கேட்டு வச்சுக்கிறது பிள்ளைங்க கடமைன்னு நினைக்கிறவ நான், இதுல பழைய காலத்து ஆளுன்னு சொன்னாலும் பரவால்ல. எங்க அப்பாவோட ஒரு ஃபோட்டோ என்கிட்ட இருக்கு, சைக்கிள்ல பின்னாடி ஒரு பையன், ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு, யாருன்னு சொல்ல இப்ப ஒருத்தரும் இல்ல. நானும் கேக்கலாம் கேக்கலாம்னு இருந்தவதான், அதான் இவ்ளோ கோவம் வருது.

சரி, வேலைக்கு வருவோம். டெம்ப்ளேட்ல சாம்பல் கலர்ல கட்டம் இருக்கும், அதுக்கு மேல ஃபோட்டோவைக் கொண்டுவந்து கன்ட்ரோல் ஆல்ட் ஜி குடுத்து க்ளிப்பிங் மாஸ்க் போட்டிருப்பீங்க. அது எதையும் வெட்டுறதே இல்ல, கட்டத்துக்கு வெளிய இருக்கிறதை மறைச்சு வைக்குது, அவ்ளோதான். பிஎஸ்டி ஃபைலை (எல்லாம் தனித்தனியா இருக்கிற ஃபோட்டோஷாப் ஃபைல்) வச்சிருந்தீங்கன்னா அவங்க இன்னும் உள்ளதான் நிக்கிறாங்க. ஃபோட்டோவைத் தள்ளாதீங்க, தள்ளினா அந்தப் பக்கம் அம்மா வெளிய போயிடுவாங்க. அந்தக் கட்டத்தோட லேயரை, அதாவது அது இருக்கிற அடுக்கை, எடுத்து கன்ட்ரோல் டி குடுத்து வலது பக்கமா இழுத்து அகலமாக்குங்க, புது வெர்ஷன்ல ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு இழுத்தாதான் பக்கவாட்டுல மட்டும் நீளும். பக்கத்துல பூ, ரிப்பன், பட்டன்னு ஏதாவது இடிச்சா தூக்கிப் போடுங்க. டெம்ப்ளேட் போட்டவருக்கு உங்க அம்மா பக்கத்துல எத்தனை பேர் நின்னாங்கன்னு எப்படித் தெரியும், அவர் குடுத்த கட்டத்துக்கு ஏன் ஆளைக் குறைக்கிறீங்க? 1994ல ஃபோட்டோஷாப் 3.0ல லேயர் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒட்டினா ஒட்டினதுதான், பிரிக்க முடியாது. அப்போ வேலை செஞ்சவங்க சொல்லலாம் வேற வழியில்லைன்னு. நீங்க சொல்லக்கூடாது.

க்ராப் டூல்லயே வெட்டி, வெறும் ஜேபெக்கா மட்டும் வச்சிருந்தீங்கன்னா அந்த ஃபைல்ல அவங்க இல்ல. பழைய பிரிண்ட்டை ஆல்பத்துல இருந்து எடுத்து மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. 4க்கு 6 இன்ச் பிரிண்ட்டை 600 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணா 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும், தாராளமாப் போதும். மங்கலுக்கும் இதே கணக்குதான். 12 இன்ச் சதுரப் பக்கம் 300 டிபிஐல பிரிண்ட் ஆகணும்னா 3600க்கு 3600 பிக்சல் வேணும், அண்ணன் அனுப்பின 1600 அஞ்சு இன்ச்சு சொச்சத்துக்குத்தான் தாங்கும், அதைப் பக்கம் முழுக்க இழுத்தா மங்காம என்ன செய்யும். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, ஒரிஜினல் அப்படியே வரும். புது டெம்ப்ளேட் எதுவும் வாங்க வேணாம்.

இன்னொண்ணு. இவ்ளோ பெரிய லெட்டர்ல எந்தப் பக்கத்துலயும் என்ன எழுதினீங்கன்னு ஒரு வரி கூட இல்ல. டெம்ப்ளேட்ல எழுதுறதுக்குன்னு ஒரு இடம் விட்டிருப்பாங்களே, அந்த லேயரோட கண் குறியை அமுக்கி மறைச்சுட்டீங்களா, இல்ல அதுல மாதிரிக்கு வந்த லத்தீன் எழுத்தையே விட்டுட்டீங்களா? தமிழ்ல அடிச்சா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் ஓடுதுன்னு நிறைய பேர் அதை விட்டுடறாங்க. பிரிஃபரன்சஸ்ல டைப்னு ஒரு பகுதி இருக்கும், அதுல வேர்ல்டு ரெடி லேஅவுட்னு இருந்தா அதைத் தேர்ந்தெடுத்து (பழைய வெர்ஷன்ல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும்) நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு யூனிகோட் ஃபான்ட்ல அடிச்சுப் பாருங்க.

ஆனா 9வது பக்கத்துக்கு நீங்க டைப் பண்ண வேணாம். இன்னிக்கு சாயந்திரமே அந்தப் பழைய ஃபோட்டோவை அம்மா கையில குடுத்து, ஃபோனைத் தூர வச்சுட்டு, யாரு என்னன்னு கேளுங்க. தெரியாம வெட்டிட்டேன்மான்னும் சொல்லுங்க. அழுதா அழட்டும், எந்திரிச்சுப் போயிடாதீங்க. எல்லாம் சொல்லி முடிச்சதும் அவங்க பேரையும் எந்த வருஷம் எங்க எடுத்ததுன்னும் அம்மா கையாலேயே ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி வாங்குங்க. அதை ஸ்கேன் பண்ணிப் பக்கத்துல வச்சு லேயரை மல்டிப்ளைங்கிற ப்ளெண்ட் மோடுல போட்டா வெள்ளை மறைஞ்சு எழுத்து மட்டும் நிக்கும். கை நடுங்கினா நடுங்கின மாதிரியே இருக்கட்டும், சரி பண்றேன்னு உக்காராதீங்க. தடிமனான கறுப்புப் பேனாவாப் பாத்துக் குடுங்க, பென்சில்ல எழுதினா ஸ்கேன்ல மங்கிடும்.