எலுமிச்சை சர்பத்தும் புரட்சியும்

முதலாளியே சோஷலிஸ்டாக இருந்த கதை உண்டா? (பொள்ளாச்சி வாசகர்)

உண்டு. ராபர்ட் ஓவன். ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் மாமனாரின் பஞ்சாலையைக் கூட்டாளிகளோடு வாங்கி, 1800-இல் நிர்வாகத்துக்கு வந்தார். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மில்லுக்கு எடுக்கவில்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். வேலை நேரத்தைப் பத்தரை மணியாக்கினார். அமெரிக்கப் பஞ்சு வராமல் நான்கு மாதம் மில் நின்றபோதும் முழுச் சம்பளம் கொடுத்தார். நான் கோவையில் ஒரு மில்லில் ரிங் பிரேமில், அதாவது நூல் நூற்கும் மெஷினில், நின்றவன். எங்களுக்கு லே-ஆஃப் என்றால் பாதிச் சம்பளம். அந்த நான்கு மாதத்தின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் ஓவனின் அதே மில்லில் ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் ஒரு சின்ன மரக்கட்டை தொங்கும். நான்கு பக்கமும் நான்கு நிறம். முந்தின நாள் நடத்தை மோசம் என்றால் கறுப்பு, சுமார் என்றால் நீலம், நல்லது மஞ்சள், பிரமாதம் வெள்ளை. அடி கிடையாது, திட்டு கிடையாது. கட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மேஸ்திரியிடம் திட்டு வாங்குவதே மேல் என்பேன்.

சூழ்நிலைதான் மனிதனை உருவாக்குகிறது, அதை மாற்றினால் இவனும் மாறுவான் என்பது ஓவனின் வாதம். சரி, மாற்றுவது யார்? கற்பிக்கிறவனுக்கே கற்பிக்க வேண்டியிருக்கிறதே என்று மார்க்ஸ் 1845-இல் குறித்து வைத்தது இந்த மாதிரி எண்ணத்தைப் பற்றித்தான். ஓவனுக்கும் இது உறுத்தியிருக்கிறது. அந்த ஜனங்கள் என் தயவில் இருந்த அடிமைகள் என்று அவரே எழுதினார். 1825-இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற ஊரையே விலைக்கு வாங்கி, பொதுவுடைமைக் குடியிருப்பு நடத்திப் பார்த்தார். சில வருஷம்கூடத் தாங்கவில்லை.

மார்க்ஸும் புரூதோனும் ஏன் அடித்துக்கொண்டார்கள்? (விருதுநகர் வாசகர்)

‘சொத்து என்பது திருட்டு’ என்று 1840-இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் புரூதோன், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர். 1846-இல் சேர்ந்து இயங்கலாம் என்று மார்க்ஸ் கடிதம் போட்டார். சேரலாம், ஆனால் பழைய மதங்களை இடித்துவிட்டு நாமே புது மதம் தொடங்க வேண்டாம் என்று பதில் வந்தது. அதே வருஷம் ‘வறுமையின் தத்துவம்’ என்று புரூதோன் நூல் போட, மறுவருஷமே ‘தத்துவத்தின் வறுமை’ என்று மார்க்ஸ் திருப்பிக் கொடுத்தார்.

அரசே வேண்டாம், உழைப்பவர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கி, வட்டியில்லாக் கடனில் நிமிரலாம் என்பது புரூதோன் வழி. அரசதிகாரத்தைத் தொழிலாளி வர்க்கம் கைப்பற்றாமல் எதுவும் நடக்காது என்பது மார்க்ஸ். புதிய மதம் பற்றிய எச்சரிக்கைக்காகப் புரூதோனை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் வேலைநிறுத்தமும் கூடாது என்றார். கூலி ஏறினால் விலையும் ஏறிவிடுமாம். எங்கள் மேனேஜரும் போனஸ் பேச்சில் அச்சாக இதையேதான் சொல்வார்.

கடல் தண்ணீர் சர்பத் ஆகும் என்று ஒரு சோஷலிஸ்ட் சொன்னாராமே? (தஞ்சாவூர் வாசகர்)

ஃபூரியே. பிரெஞ்சுக்காரர். சுமார் 1,600 பேர் கூடி வாழும் குடியிருப்புகள் உலகமெங்கும் வந்துவிட்டால், கடலே எலுமிச்சை சர்பத் போல ருசிக்கும் என்றார். செலவுக்குப் பணக்காரர் எவராவது வருவார் என்று தினமும் நண்பகலில் காத்திருந்தாராம். 1837-இல் இறக்கும்வரை யாரும் வரவில்லை.

சட்டம் போட்டே சோஷலிசம் கொண்டுவர முடியாதா? (ஈரோடு வாசகர்)

முடியும் என்றவர் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் பெர்ன்ஸ்டைன். மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸுக்கு நெருங்கிய நண்பர், அதனால்தான் கட்சிக்குள் அத்தனை அதிர்ச்சி. முதலாளித்துவம் தானாக இடிந்து விழப்போவதில்லை. சங்கம், கூட்டுறவு, ஓட்டு என்று படிப்படியாக ஏறலாம் என்றார். அதே கட்சியின் புரட்சிப் பக்கத்தில் நின்ற ரோசா லக்சம்பர்க் விடவில்லை. ஃபூரியேவின் கற்பனையாவது பிரமாண்டம். கசப்புக் கடலில் சீர்திருத்த சர்பத்தைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றி இனிப்பாக்கப் பார்க்கிறார் பெர்ன்ஸ்டைன் என்று கிண்டலடித்தார்.

எட்டு மணி நேர வேலையும் பி.எஃப்-உம் பாட்டில் பாட்டிலாக வந்தவைதான், அவற்றைக் குடித்து வளர்ந்தவன் நான். அதே சமயம் ரோசா சொன்னதையும் தள்ள முடியவில்லை: சங்கம் இன்று பிடித்ததை நாளை சந்தை பிடுங்கிக்கொள்ளும். மில்கள் மூடியதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஒரு வேடிக்கை. 1914-இல் அந்த ஜெர்மன் கட்சி முதல் உலகப் போருக்குப் பணம் ஒதுக்க ஓட்டுப் போட்டது. ரோசா ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். பெர்ன்ஸ்டைன் முதலில் ஆதரித்து, பிறகு எதிர்ப்பக்கம் வந்தார். 1917-இல் போரை எதிர்த்தவர்கள் பிரிந்து தனிக்கட்சி கண்டபோது, இருவரும் அதே கட்சியில் இருந்தார்கள்.