விளையாட்டுக்கு யார் வேலை தருவார்கள்?

கேள்வி: பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை முடிக்கப்போகிறேன். பிரான்ஸில் பரிசோதனை மொழிபெயர்ப்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. என் பேராசிரியரோ, “ஓர் எழுத்தை விலக்கி எழுதுவது, ஒலியை மட்டும் பெயர்ப்பது எல்லாம் விளையாட்டு. இதற்கு யார் வேலை தருவார்கள்?” என்கிறார். என்ன செய்யட்டும்? – ஒரு வாசகி

பதில்: வேலை விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். அந்தப் பெயரில் ஆசிரியப் பணி விளம்பரம் வருவது அபூர்வம். விளையாட்டு என்று தள்ளியதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜோர்ஜ் பெரெக்கின் ‘லா திஸ்பாரிசியோன்’ (1969) நாவலைப் பாருங்கள். ரோமன் அகரவரிசையின் ஐந்தாம் எழுத்து அதில் ஓரிடத்திலும் இல்லை. அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தந்தை, தாய் என்று பொருள்படும் ‘பேர்’, ‘மேர்’ என்ற சொற்களை எழுத முடியாது. பெரெக்கின் அப்பா 1940இல் போரில் இறந்தார். அம்மா 1943இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. ஆங்கிலத்தில் பெயர்த்த கில்பர்ட் அடேர் அதே எழுத்தை விலக்கினார். ஆங்கிலத்திலும் ‘ஃபாதர்’, ‘மதர்’ என்ற இரு சொற்களும் விழுந்துவிடுகின்றன. 1997இல் ஸ்பானியத்தில் பெயர்த்த ஐவர் குழு ஐந்தாம் எழுத்தை விட்டுவிட்டு முதல் எழுத்தை விலக்கியது. காரணம் எதுவானாலும், ‘பாத்ரே’யும் ‘மாத்ரே’யும் அங்கேயும் காணாமல் போயின. எழுத்து மாறியும் இழப்பு மாறவில்லை. இதை வைத்து ஓர் அத்தியாயம் தாராளமாக எழுதலாம். கேட்பவர் யாரும் விளையாட்டு என்று சொல்ல மாட்டார்.

இனி வேலை. பிரான்ஸில் ‘மேத்ர் த கோன்ஃபெரான்ஸ்’ என்ற நிரந்தரப் பல்கலைக்கழக ஆசிரியர் பதவிக்குப் போட்டியிட, பொதுவாக முனைவர் பட்டத்துக்குப் பிறகு தேசியப் பல்கலைக்கழகக் குழுவின் தகுதிச் சான்று வேண்டும். அந்தக் குழு துறைவாரியாகப் பிரிந்திருக்கிறது: 9ஆம் பிரிவு பிரெஞ்சு இலக்கியம், 10ஆம் பிரிவு ஒப்பிலக்கியம். எந்தப் பிரிவின் வாசலில் போய் நிற்கப் போகிறீர்கள் என்று தலைப்பு வைக்கும்போதே முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால், ‘இருபதாம் நூற்றாண்டு பிரெஞ்சு இலக்கியம்’ என்று முன்னால் போட்டு, மொழிபெயர்ப்பை ஆய்வு முறையாக வைப்பேன். ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் 1960இல் தொடங்கிய, தாமே விதித்துக்கொண்ட விதிகளுக்குள் எழுதும் உலிப்போ குழுவின் ஆவணங்கள் பாரிஸின் அர்செனால் நூலகத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் பிரதியைப் புரட்டி எழுதிய ஆய்வேட்டுக்குத் தேர்வுக்குழுவிடம் கிடைக்கும் மரியாதையே தனி.

உங்கள் சொந்த மொழிபெயர்ப்புகளைப் பின்னிணைப்பில் ஒளிக்காதீர்கள். எந்த விதியை ஏற்றீர்கள், எங்கே முட்டிக்கொண்டீர்கள், எதைக் கைவிட்டீர்கள் என்ற குறிப்போடு உள்ளேயே வையுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் அதை ஆய்வாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

நெறியாளருக்கு எழுதும்போது இரண்டு பக்கத் திட்டத்தோடு, குறிப்பெழுதிய மொழிபெயர்ப்பு சில பக்கங்களையும் அனுப்புங்கள். மூன்றாண்டு முனைவர் ஒப்பந்தத்துக்கு, அதாவது சம்பளத்தோடு ஆய்வு செய்யும் இடத்துக்கு, உங்களைப் பரிந்துரைப்பாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவரிடம் முன்பு ஆய்வு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். மழுப்பினால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.