சக்கர நாற்காலியில் அப்பா வழுக்கி வழுக்கி முன்னுக்கு வருகிறார், மெத்தை வாங்கினால் சரியாகுமா?

மெத்தை மட்டும் வாங்கினால் சரியாகாது, சில வேளை இன்னும் கூடும். வழுக்குவதற்குக் காரணம் கதிரை. அப்பாவை ஏச வேண்டாம் என்று முதலில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

உங்களிடம் இருப்பதும் பாமசிகளில் விற்கும் அந்த மடிக்கிற ரெக்சின் கதிரைதான் என்று நினைக்கிறேன். என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வெள்ளவத்தை பிளாட்டுக்குக் கூட்டிவந்தபோது எங்களுக்கும் அதுதான் கிடைத்தது. அந்த இருக்கைத் துணி போகப் போக நடுவில் தொய்ந்துவிடும். இடுப்பு பின்னுக்குச் சரிந்து, முதுகு கூனி, உடம்பு தானாகவே முன்னுக்கு இறங்கும். பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாம் "நிமிர்ந்து இருங்கோ அண்ணை" என்று அதட்டினார்கள். நாக்குக் குழறிப்போன மனிதர் என்ன பதில் சொல்வார்? பராமரிக்க வந்த பெண் ஒருநாள் சால்வையால் அவருடைய வயிற்றைச் சுற்றிக் கதிரையோடு கட்டியிருந்தார். அப்பா வழுக்க வழுக்கச் சால்வை மேலேறி நெஞ்சை இறுக்கிக்கொண்டிருந்தது. நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

"கட்டாவிட்டால் விழுந்துவிடுவாரே" என்று யாராவது கேட்பீர்கள். தொடை மடியும் இடத்தில் சரிவாகப் போடும் இடுப்புப் பட்டி வேறு, அதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துப் போடட்டும். வயிற்றில் சால்வை கட்டுவதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம்.

நாங்கள் ஓடாவியிடம் இருக்கை அளவுக்கு பிளைவூட் வெட்டி, முனைகளை மழுக்கி, நகராமல் இருக்க வெல்குரோ ஒட்டிப் போட்டோம். அதற்கு மேலேதான் இறுக்கமான ஸ்பொஞ்ச் மெத்தை. உயரம் கூடியதால் கால்கள் தொங்கின, ஆகவே ஸ்பானரால் கால்தட்டையும் உயர்த்தினோம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதம் முழுதாகப் பதியாவிட்டால் மனிதர் தட்டைத் தேடிக்கொண்டே கீழே இறங்குவார். அதற்காக அளவுக்கு மீறி உயர்த்தினால் முழங்கால் மேலெழும்பி, பாரம் முழுக்கப் பிட்டத்து எலும்பில் விழும்.

அப்புறம் ஆழம். அப்பா கட்டையானவர், இருக்கை விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தில் இடித்தது. அங்கே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். தெஹிவளையில் முச்சக்கர வண்டிக்கு சீட் தைக்கிற ஒருவர் முதுகுத் துணியைக் கழற்றிவிட்டு, தனித்தனியாக இறுக்கக்கூடிய பட்டிகளைக் குறுக்கே தைத்துத் தந்தார். இடுப்பு வளைவில் இறுக்கி, அதற்குக் கீழே பிட்டத்துக்கு இடம்விட்டுத் தளர்த்தி, அந்தப் பட்டிகளுக்கு முன்னால் ஒரு ஸ்பொஞ்ச் வைத்ததும் ஆழமும் குறைந்தது. நெஞ்சு நிமிர்ந்த பிறகு சாப்பாட்டுக்கு நடுவில் வரும் இருமல் குறைந்தது. பலமில்லாத கை தொங்கித் தோள்மூட்டை இழுக்காமல் இருக்க, கைப்பிடியில் ஒரு தலையணையும் வைத்தோம்.

இவ்வளவும் செய்து வெளியே கூட்டிப்போனால் பென்ஷன் எடுக்கும் வங்கி வாசலில் வெறும் படிகள்! பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி போட்ட நாடு இந்த இலங்கை. காலம் முழுக்க அரசாங்க வேலை பார்த்த மனிதரை, எல்லோரும் பார்க்க, அரிசி மூட்டை மாதிரித் தூக்கிப்போனார்கள். எனக்கு அது ஆறவில்லை.

சரி, மெத்தை விஷயம். நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையத்தைக் கடையில் காட்டினால் வாங்காதீர்கள், அது சுற்றியுள்ள தோலில் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். எந்த மெத்தையானாலும் அரை மணிக்கு ஒரு தடவையாவது பக்கவாட்டில் சாய்த்துப் பாரத்தை மாற்றிவிடுங்கள். இரவில் உடுப்பு மாற்றும்போது, அழுத்தத்தால் புண் தொடங்குகிறதா என்று வால் எலும்புப் பக்கத்தைப் பாருங்கள். நம்முடைய நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது, கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஓர் இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அல்லது அழுத்தி எடுத்தும் நிறம் மாறாமல் அப்படியே இருந்தால், கதிரையில் இருத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.