கேஸ் கட்டும் குப்பைத் தொட்டியும்: குமாஸ்தா பதில்கள்

(வக்கீல் அலுவலகத்தில் 34 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சொத்து வழக்கு நடக்கிறது. பத்திரம், உயில், வக்கீல் கடிதங்கள் எல்லாம் பீரோவில் பூட்டியிருக்கின்றன. சாவி என்னிடம்தான். ஆனாலும் நான் வக்கீலுக்கு எழுதியது எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருக்கிறது. பீரோவை மாற்ற வேண்டுமா?

பதில்: பீரோ மேல் பழி போடாதீர்கள் அம்மா. பூட்டை உடைத்துக் காகிதம் போனதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போவதெல்லாம் நகல். உயிலை எத்தனை நகல் எடுத்தீர்கள், எது யாரிடம் இருக்கிறது? யோசித்துத்தான் சொல்ல முடியும் என்றால், ஓட்டை அங்கேதான்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு பக்கம் அச்சான தாளை வீணாக்காமல், பின்பக்கத்தில் வரைவு அடிப்பது என் வழக்கம். சிக்கனக்காரன் என்று பெருமை வேறு. ஒருநாள் ஒரு கட்சிக்காரர் தன் வரைவைத் திருத்த வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் வந்தவர் ஒன்றும் பேசாமல் தாளைத் திருப்பி என் மேஜையில் வைத்தார். பின்னால் வேறொரு குடும்பத்தின் ஜீவனாம்ச மனு. பெயர், சம்பளம், நோய் விவரம் எல்லாம் பளிச்சென்று. அந்தக் குடும்பம் அவருக்குத் தெரிந்த குடும்பம். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அது அவருடைய நல்ல மனசு, என் சாமர்த்தியம் இல்லை.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, எந்தத் தாள், எத்தனை நகல், யார் கையில், திரும்பி வந்ததா. அவ்வளவுதான். ஒவ்வொரு நகலின் ஓரத்திலும் 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுத்தேன். எண் போட்ட தாளை வாங்குகிறவர் அதைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. நீங்களும் இன்றே ஆரம்பியுங்கள்.

அப்புறம், அந்தக் கடிதத்தை முதலில் எந்த நோட்டில் எழுதிப் பார்த்தீர்கள்? மேல் தாளைக் கிழித்தாலும் அடித்தாளில் பேனா அழுத்தம் தங்கிவிடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலே சில சமயம் படித்துவிடலாம். ஒற்றைத் தாளைக் கண்ணாடி மேல் வைத்து எழுதுவது நல்லது. நகல் எடுக்கப் போனால் இயந்திரத்தின் மூடிக்கு அடியில் அசலை மறந்துவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோணலாக வந்து ஒதுக்கிய தாளையும் கையோடு எடுத்து வாருங்கள். அலுவலகங்களில் இருக்கும் பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. நீங்கள் எடுத்த பக்கங்களின் படம் அதில் தங்கியிருக்கலாம். இயந்திரத்தை விற்கும்போதோ வாடகைக்கு விட்டவரிடம் திருப்பிக் கொடுக்கும்போதோ அதை அழிக்கச் சொல்ல வேண்டும். பலருக்கு அந்த ஞாபகமே வருவதில்லை.

கேள்வி: முடிந்த வழக்கின் பழைய தாள்களைக் கையால் கிழித்துப் போட்டால் போதாதா ஐயா? தாளை வெட்டும் ஷ்ரெட்டர் இயந்திரம் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வக்கீலைக் கேட்காமல் எதையும் கிழிக்காதீர்கள் தம்பி. தீர்ப்பு, பத்திரம் இவற்றின் பக்கமே கை போகக் கூடாது.

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசி, 1989இல் ஆட்சி ஆட்டம் கண்டதும் கோப்புகளை மலைமலையாகக் கையால் கிழித்துத் தள்ளியது. சுமார் 16,000 மூட்டைத் துண்டுகள் அப்படியே மாட்டிக்கொண்டன. 1995 முதல் ஆட்கள் உட்கார்ந்து அவற்றை ஒட்டிச் சேர்த்தார்கள். சரி, இயந்திரம் என்றால் எல்லாமே பத்திரமா? 1979இல் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் நாடா நாடாவாக வெட்டிய தாள்களை ஈரானியர்கள் பொறுமையாகக் கோத்துப் புத்தகங்களாகவே போட்டுவிட்டார்கள். ஆக, நீளவாக்கில் மட்டும் வெட்டும் மலிவு ஷ்ரெட்டர் வேண்டாம். குறுக்கும் நெடுக்கும் வெட்டுவதாக, பி-4 (P-4) என்று பாதுகாப்புத் தரம் போட்டதாக வாங்குங்கள். அதில் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு ஏ4 தாள் கிட்டத்தட்ட 400 துண்டாகும். உங்கள் பாகப்பிரிவினைத் தாளுக்கு எந்த உளவுத்துறையும் உட்கார்ந்து ஒட்டப்போவதில்லை, இது தாராளம். ஷ்ரெட்டர் இல்லையென்றால் பெயர், கையெழுத்து, கணக்கு எண் இருக்கும் பகுதியைத் தனியாகப் பொடிப்பொடியாகக் கத்தரித்து, வேறு வேறு நாளில் போடுங்கள்.

கேள்வி: நகலில் கணக்கு எண்ணைக் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டுக் கொடுத்தேன். சரிதானே?

பதில்: அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மைக்கு அடியில் எழுத்து தெரியும், பல சமயம் பின்பக்கத்திலும். அடித்த நகலை மறுபடி நகல் எடுத்து, அதிலும் தெரியவில்லையா என்று பார்த்து, அந்த இரண்டாவது நகலைக் கொடுங்கள். எண்ணைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு நகல் எடுத்தால் இன்னும் நிம்மதி. எதுவானாலும் அசலில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: தீயைத் தாங்கும் பெட்டி வாங்கியிருக்கிறேன். பத்திரத்தோடு, அதை ஸ்கேன் செய்த பென் டிரைவையும் உள்ளேயே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். காகிதத்துக்கான பெட்டி தீயில் உள்சூட்டை 177 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்தினால் போதும் என்பது தரக் கணக்கு. காகிதம் அதைத் தாங்கிவிடும்; பென் டிரைவை அந்தச் சூட்டில் நம்ப முடியாது. தவிர, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பென் டிரைவுக்குக் கடவுச்சொல் போட்டு வேறு இடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.