பொங்கலுக்கு ஒரு நேரம், ரோஸ்ட்டுக்கு ஒரு நேரம்

போன இதழில், நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருச்சியில் சாப்பிட்ட காலை டிபனைப் பற்றி நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான். காய்ச்சல், கால்வலி, குழந்தைக்குப் பேதி என்று எப்போதும் வருகிற கேள்விகளைக் காணோம். கடிதங்கள் முழுக்க இட்லி வாசனை. சரி, இந்த இதழில் மருந்து டப்பாவுக்கு லீவு.

கே: ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். அந்தக் காலத்து ஹோட்டலில் காலை டிபன் சாப்பிட ஆசை. எத்தனை மணிக்குப் போகலாம்? (ஈரோடு வாசகி)

ப: எல்லோரும் 'எங்கே' என்றுதான் கேட்பார்கள். நீங்கள் 'எத்தனை மணிக்கு' என்று கேட்டீர்கள் பாருங்கள், சாப்பிடத் தெரிந்தவர்.

எனக்கு ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் நைட் டூட்டி வரும். காலை டூட்டி என்றால் ஆறே காலுக்கு ஹோட்டலில் இருப்பேன். நைட் முடிந்து, வார்டை ஒப்படைத்துவிட்டு வர எட்டே கால் ஆகும். அதே ஹோட்டல், அதே அடுப்பு, அதே மாஸ்டர். ஆனால் ஆறே கால் பொங்கல் வேறு, எட்டே கால் பொங்கல் வேறு. முதலாவது இலையில் விழுந்ததும் மெல்ல நகரும், நெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். இரண்டாவது கரண்டி வைத்த இடத்திலேயே மலைக்கோட்டை மாதிரி உட்கார்ந்துவிடும். அரிசியும் பாசிப்பருப்பும் ஆற ஆற இறுகத்தானே செய்யும்? மாஸ்டர் வெந்நீர் விட்டுக் கிளறித் தளர்த்துவார். தளரும், பழைய ருசி வராது.

தோசைக்கு இது அப்படியே தலைகீழ். கல் சூடேறிப் பழக வேண்டும். "முதல் நாலு தோசை கல்லுக்கு, அஞ்சாவதுதான் உங்களுக்கு சிஸ்டர்" என்பார் அந்த மாஸ்டர். காலை டூட்டி வாரத்தில் நான் ரோஸ்ட் கேட்டதே இல்லை. எட்டு மணிக்கு மேல் கேட்டால் ஓரம் தானாகவே கல்லை விட்டுக் கிளம்பி, காகிதம் மாதிரி வரும். வடைக்குக் கடிகாரம் உதவாது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் ஒரு காது வைத்திருந்து, ஈடு எடுத்துக் கொட்டுகிற சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்கள்.

நீங்கள் விடியற்காலையில் விஸ்வரூபம் என்கிற முதல் தரிசனத்தைச் சேவித்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வருவதற்குள் ரோஸ்ட் நேரம் ஆகிவிடும். திருவானைக்காவலில் பார்த்தசாரதி விலாஸ் 1943 முதல் நெய் தோசைக்குப் பேர் போன இடம். அங்கே போய்ப் பொங்கல் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

கே: ரவா தோசை மட்டும் ஏன் இருபது நிமிஷம்? சர்வர் வேண்டுமென்றே மறக்கிறாரா? (தாம்பரம் வாசகர்)

ப: சர்வர் பாவம், அவரை விடுங்கள். சாதா தோசைக்கு மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு வீச்சு வீசிச் சூட்டைக் கொஞ்சம் இறக்குவார். கல் ரொம்பக் காய்ந்திருந்தால் கரண்டியால் தேய்க்கும்போதே மாவு சுருண்டுவிடும். ரவா தோசைக்கு அந்தச் சூடு வேண்டும். மாவும் மோர் மாதிரி நீர்க்க இருக்கும். அதைத் தேய்க்கவும் முடியாது. உயரத்திலிருந்து வெளிவட்டத்தில் ஆரம்பித்து உள்ளே வீசவேண்டும், அப்போதுதான் ஓட்டை ஓட்டையாக விழும். வேகவும் நேரம் எடுக்கும். ஒற்றை ஆளுக்காகக் கல்லின் சூட்டை மாற்ற எந்த மாஸ்டருக்கும் மனசு வராது, நாலு ஆர்டர் சேரட்டும் என்று நிற்பார். வழி ஒன்றுதான்: பக்கத்து மேஜைக்காரருக்கும் ரவா தோசை ஆசையைக் கிளப்பிவிடுங்கள்.

கே: நானும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிர் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார் சூப்பர்வைசர். இது நாகரிகமா? (கோவை வாசகர்)

ப: நாகரிகம்தான் ஐயா. அது வருவதற்கே ரொம்ப நாளாயிற்று.

என் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம் என்று பிரித்து வைத்திருந்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர். அந்தப் பிரிவினை 1941-ல் போனது. அப்புறமும் ஹோட்டல் போர்டுகளில் 'பிராமணாள்' என்ற எழுத்து இருந்தது. 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் மறியலைத் தொடங்கி, அது மாதக்கணக்கில் நடந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1981-ல். அப்போது மிச்சம் இருந்தது 'ஃபேமிலி ரூம்'. நானும் இன்னொரு சிஸ்டரும் வெள்ளைப் புடவையோடு உள்ளே நுழைந்ததும், சர்வர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பச்சைத் திரையைக் காட்டினார். திரைக்குப் பின்னால் கை கழுவும் தொட்டி, ஒரு மேஜை, பழைய காலண்டர். ஃபேன் கிடையாது. திரைக்கு உள்ளே இருப்பவரை எந்த சர்வருக்கும் ஞாபகம் இருக்காது. இட்லி வந்தது, சாம்பார் வரவில்லை. சாம்பார் வந்தபோது ஏழு மணி டூட்டிக்கு மணி அடிக்கப் பத்து நிமிஷம். காபி குடிக்காமல் ஓடினோம். அன்றைக்குத் தலைவலியோடு எத்தனை ஊசி போட்டேனோ!

மறுநாள் நேராக ஹாலுக்குப் போய், காலியாக இருந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டோம். எதிரே காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர். கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். எதிரில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் சட்னிக் கிண்ணத்தை மட்டும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காபி அவருக்கு முன்னால் எனக்கு வந்தது.

அதனால் எதிரே யார் உட்கார்ந்தாலும் எனக்கு உறுத்தாது. "ரோஸ்ட் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். சொந்த ஊர், சம்பளம், பெண்ணுக்கு வரன் என்று பேச்சு நீண்டால் சீக்கிரம் கை கழுவிவிடுங்கள்.

கே: டிகிரி காபி என்கிறார்களே, என்ன டிகிரி? (நெய்வேலி வாசகர்)

ப: எனக்கு டிகிரி என்றால் தெர்மாமீட்டர்தான். காபிக்காரர்கள் சொல்வது லாக்டோமீட்டரை: தண்ணீர் கலக்காத பால் என்று அது காட்டினால் டிகிரிப் பால், அதில் போட்டது டிகிரி காபி. முதல் முறை இறக்கிய டிகாக்‌ஷனுக்குத்தான் அந்தப் பெயர் என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. குடித்துப் பார்த்தவரை எனக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது. டவராவில் ஊற்றி ரொம்ப ஆற்றாதீர்கள், நுரை வந்தால் போதும்.

கே: இந்த ஹோட்டல்களை எல்லாம் ஆரம்பித்தது நம் ஊர்க்காரர்கள்தானே? (மதுரை வாசகி)

ப: பாதிக்கு மேல் உடுப்பிப் பக்கத்துக்காரர்கள் என்றே சொல்லிவிடலாம். சமையல்கட்டில் எடுபிடியாக இருந்த கே. கிருஷ்ண ராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். பின்னால் வந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-ல் மூடி, அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா. திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-ல் வந்தது. ஆரம்பித்தவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். இட்லியைச் சாம்பாரில் முக்கிக் குளிப்பாட்டுவதற்கு அங்கேதான் கூட்டம். ரவா இட்லியோ பெங்களூரு எம்.டி.ஆர். கைவரிசை. இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் செய்து பார்த்தோம் என்கிறார்கள் அவர்கள்.

கே: எனக்குச் சர்க்கரை. இட்லி ஆவியில் வெந்ததுதானே, நாலு சாப்பிடலாமா? (சேலம் வாசகர்)

ப: லீவு என்று சொன்னேனே! ஆவியில் வெந்தாலும் அரிசி அரிசிதான். இரண்டோடு நிறுத்துங்கள், சாம்பாரில் இருக்கிற காயையும் பருப்பையும் ஒதுக்காமல் சாப்பிடுங்கள். காபிக்கு சர்வரிடம் "ஒரு வித்தவுட்" என்றால் போதும், விளக்கம் தேவையில்லை. பக்கத்தில் கேசரி போகும்போது சுவரில் சாமி படத்தைப் பாருங்கள்.

கே: மூன்றாவது தடவை சாம்பார் கேட்கலாமா? (காரைக்குடி வாசகி)

ப: வாளியோடு வருகிறவரைக் கேளுங்கள். கல்லாவைப் பார்க்காதீர்கள்.

கே: பத்தே காலுக்குப் போனேன். "பொங்கல் தீர்ந்துபோச்சு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு இதுதான் மரியாதையா? (விழுப்புரம் வாசகர்)

ப: நாளைக்கு அதே ஹோட்டலுக்கு ஏழு மணிக்குப் போங்கள். பன்னிரண்டு மணிக்கும் "பொங்கல் இருக்கு சார், சூடா இருக்கு" என்று சொல்கிற இடத்தில் தோசை சொல்லுங்கள்.