நீங்கள் இல்லாத அறையில் உங்கள் விண்ணப்பம்

வாசகர் கேள்வி – பதில்

சமூக சுகாதாரப் பணிகளுக்கு அறக்கட்டளைகளிடம் நிதியுதவி கோருவது பற்றி வந்த கேள்விகளுக்கு, ஓர் அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நமது பத்தியாளர் இம்முறை பதில் அளிக்கிறார்.

கேள்வி: நாங்கள் செவிலியர்கள் சிலர் சேர்ந்து சிறிய தொண்டு அமைப்பு ஒன்றை நடத்துகிறோம். ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்களுக்காக ஓர் அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தோம். ஓராண்டில் 20 முகாம்கள், 2,000 பேருக்குப் பரிசோதனை என்று தெளிவாகத்தான் எழுதினோம். ‘எங்கள் முன்னுரிமைகளுடன் பொருந்தவில்லை’ என்று ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய அறிவிப்பிலேயே ரத்த அழுத்தம் முன்னுரிமை என்று இருக்கிறது! எங்கே சறுக்கினோம்?
– ஓய்வுபெற்ற செவிலியர்

பதில்: அந்த ஒற்றை வரியில் பொருள் தேடாதீர்கள். மறுப்புக் கடிதம் என்பது யாரையும் புண்படுத்தாமலும் யாருக்கும் எதையும் கற்றுத் தராமலும் இருக்கும்படி பார்த்துப் பார்த்து எழுதப்படுவது. அதை ஓரமாக வைத்துவிட்டு, அந்த முடிவு எடுக்கப்பட்ட அறைக்கு வாருங்கள்.

உங்கள் விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்தவர் அங்கே ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். மற்றவர்கள் சுருக்கத்தையும் பட்ஜெட்டையும் புரட்டிவிட்டு வந்திருப்பார்கள். படித்தவர் உங்கள் சார்பில் பேசியாக வேண்டும். “2,000 பேரைப் பரிசோதிக்கப் போகிறார்கள்” என்று தொடங்குவார். எதிரில் இருக்கும் மருத்துவர், “அழுத்தம் அதிகம் என்று தெரியவந்தவர்கள் மறுநாள் எங்கே போவார்கள்?” என்பார். அதற்கு விடை உங்கள் பக்கங்களில் இருந்தால் உங்களுக்காகப் பேசுபவர் தப்பித்தார். இல்லாவிட்டால் குழுத் தலைவரின் கை அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

அந்த மருத்துவர் வம்புக்காகக் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் முகாம் நடத்துவதுதான் தீர்வு என்று தோன்றும். ஆனால் அதே மதிப்பீட்டில், அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அதாவது, தெரிந்த பிறகும் கட்டுக்குள் வராதவர்கள் ஒரு பெருங்கூட்டம். அவர்களுக்கு உங்கள் முகாம் என்ன செய்யும்? மேலும், ஒருநாள் அளவை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்யக் கூடாது, வேறொரு நாளும் அளந்து பார்க்க வேண்டும் என்பது செவிலியரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒருவரை ஒரே ஒரு முறை மட்டும் சந்திக்கும் திட்டத்தை ஏன் எழுதினீர்கள்?

இப்படி மாற்றுங்கள். அளவு அதிகமாக இருந்தவர்களை எத்தனை நாட்களுக்குள் மறுபடி அளப்பீர்கள், யார் அளப்பார், எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள், போகாதவரைத் தேடிப் போவது யார்? ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இதை எழுதுவதற்காக 2,000 பேரை 300 பேராகக் குறைக்க நேர்ந்தால் தயங்காமல் குறையுங்கள். பெரிய எண்ணைக் கண்டு குழு மயங்கும் என்பது வெளியில் இருப்பவர்களின் நம்பிக்கை. உள்ளே இருப்பவர்கள் பெரிய எண்ணைப் பார்த்தால் எப்படி எண்ணுவார்கள் என்றுதான் யோசிப்பார்கள்.

இன்னொன்று. பணம் வருவதற்கு முன்பே எண்ணத் தொடங்குங்கள். மருத்துவர்களான அபய் பங், ராணி பங் தம்பதியர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பிறந்த குழந்தைகளுக்கு வீட்டிலேயே பராமரிப்பு அளிக்கும் திட்டத்தை நடத்தியபோது, சேவையைத் தொடங்கும் முன்பே குழந்தை இறப்புகளைக் கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். 39 கிராமங்களில் சேவை நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்கள் இருந்தன. பிறந்த குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டபோது எவராலும் எளிதில் தள்ளிவிட முடியாமல் போனதற்கு அந்த முன்கணக்குதான் காரணம். உங்களை அவ்வளவு பெரிய ஆய்வு நடத்தச் சொல்லவில்லை. இப்போது வந்துபோகிறவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டின் ஒரு பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டால், உங்களுக்காகப் பேசுபவர் அதைக் கையில் தூக்கிக் காட்டலாம்.

கேள்வி: நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டினால்தான் நல்ல பெயர் கிடைக்கும் என்கிறார்கள். எங்கள் பட்ஜெட்டில் அலுவலக வாடகையையும் கணக்கரின் சம்பளத்தையும் சேர்க்கவே இல்லை. இது சரியா?
– தொண்டு நிறுவனப் பொருளாளர்

பதில்: சரியில்லை. வாடகை இல்லாமல் எங்கே உட்கார்ந்து பதிவேடு எழுதுவீர்கள் என்று கேட்பதற்கு ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் குழுவில் அது பெரும்பாலும் நான்தான்.

நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு வரை தரலாம் என்று அறக்கட்டளைகள் தங்கள் விதிகளிலேயே ஒரு வரம்பு வைத்திருக்கும். முதலில் அதைப் படியுங்கள். வரம்புக்குள் கேட்பது உங்கள் உரிமை. திட்டத்துக்கு நேரடியாக உழைக்கும் கணக்கரின் நேரத்தை நிர்வாகத்தில் ஒளித்து வைக்காமல் திட்டச் செலவாகவே காட்ட முடியுமா என்றும் அவர்களிடமே கேளுங்கள். தணிக்கைக் கட்டணத்தையும் மறக்காதீர்கள். அவர்கள் கேட்கப் போகும் தணிக்கை அறிக்கைக்கு யார் பணம் கொடுப்பது?

புதிதாக விண்ணப்பிப்பவர்களின் பட்ஜெட்டில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கருவியை வாங்குவார்கள், அதற்குத் தீனி போட மறந்துவிடுவார்கள். சர்க்கரை அளக்கும் கருவி ஒருமுறைச் செலவு. அதற்கான பட்டைகளோ ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒன்று வேண்டும், அவற்றுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. ரத்த அழுத்தக் கருவிக்குப் பருத்த கைக்கென்று பெரிய பட்டை தனியாக வேண்டும். சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். கருவி சரியாகக் காட்டுகிறதா என்று இடையிடையே சோதித்தாக வேண்டும். களப்பணியாளரின் பயணச் செலவு, ஊசி போன்ற கூர்முனைக் கழிவுகளை அகற்றும் செலவு என்று இவையெல்லாம் பட்ஜெட்டில் இருந்தால், ‘இவர்கள் இந்த வேலையை உண்மையிலேயே செய்தவர்கள்’ என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். பத்துப் பக்கம் லட்சியம் எழுதினாலும் அந்த நம்பிக்கை வராது.

கேள்வி: விண்ணப்பப் படிவத்தில் ‘சமூகப் பங்கேற்பு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியதை எழுதியிருக்கிறேன். போதுமா?
– இளம் மருத்துவர்

பதில்: நீங்கள் பேசினீர்கள், அவர்கள் கேட்டார்கள். அதற்குச் சொற்பொழிவு என்று பெயர், டாக்டர்.

மருத்துவர்களான ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதியர் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பகுதியில் பணியைத் தொடங்கியபோது, மக்களின் முதல் தேவையாக இருந்தவை உணவும் தண்ணீரும். மருத்துவம் அதற்குப் பிறகுதான். இரண்டு டாக்டர்களும் அதைக் காதில் வாங்கி வேலைத் திட்டத்தை அமைத்துக்கொண்டார்கள். பிறகு கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். 1978-இல், அடிப்படைச் சுகாதாரம் குறித்து அல்மா ஆட்டாவில் நடந்த பன்னாட்டு மாநாட்டின் பிரகடனம், தங்கள் உடல்நலப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று சொன்னது. அந்தப் பகுதி படிவத்தில் இருப்பதற்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

படிவத்தின் அந்தப் பகுதியில் எழுத வேண்டியது ஒன்றே: மக்கள் சொன்னதைக் கேட்டு நீங்கள் எதை மாற்றினீர்கள்? நேரத்தையா, இடத்தையா, பணியாளரையா? எதையுமே மாற்றவில்லை என்றால் மறுபடி போய்க் கேளுங்கள். கேட்டால் மாற்ற வேண்டியது ஏதாவது கிடைக்காமல் இருக்காது.

கேள்வி: ‘நிதிக்காலம் முடிந்த பின் திட்டம் எப்படித் தொடரும்?’ என்று கேட்கிறார்கள். உண்மையில் எங்களுக்குத் தெரியாது. பிற நன்கொடையாளர்களை அணுகுவோம் என்று எழுதலாமா?
– சுகாதாரத் தன்னார்வலர்

பதில்: எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த வரி வந்ததும் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிவிடும்.

கேள்வி புதியதல்ல. 1909-இல் அமெரிக்க எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து, ஓர் ஆணையத்தின் மூலம் அமெரிக்காவின் 11 தென் மாநிலங்களில் கொக்கிப்புழு என்ற குடற்புழுவின் ஒழிப்புப் பணியைத் தொடங்கிவைத்தார். ஊர் ஊராக நடமாடும் மருந்தகங்கள் வந்தன. கூட்டம் அலைமோதியது, நுண்ணோக்கியில் புழுவின் முட்டையைப் பார்த்து மக்கள் வியந்தார்கள். அந்த மருந்தகங்களின் செலவில் உள்ளாட்சிகளும் ஒரு பங்கு தர வேண்டும் என்று ஆணையம் கேட்டது. பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் அல்ல; தன் பணத்தைப் போட்டவருக்குத்தான் பிறகு அதைக் கைவிட மனம் வராது. 1914-இல் ஆணையம் கலைந்தது. ஆனால் கழிப்பறை கட்டாத இடங்களில், மருந்து தின்று குணமானவர்கள் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மறுபடி புழுவை ஏற்றிக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றில் உங்கள் விண்ணப்பத்துக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, நிதி முடிந்த பிறகு இதைத் தன் வேலையாக ஏற்கக்கூடியவர் யார்: அரசு சுகாதார நிலையமா, உள்ளாட்சியா, பள்ளியா? அவரிடம் இன்றே ஒரு கடிதம் வாங்குங்கள். ‘ஆதரிக்கிறோம்’ என்ற பொதுக் கடிதம் வேண்டாம். ‘இரண்டாம் ஆண்டிலிருந்து இந்த அறையையும் இந்தப் பணியாளரையும் தருகிறோம்’ என்று இருக்க வேண்டும். இரண்டாவது, திட்டம் தொடரத்தான் வேண்டுமா? ஒரு குடிநீர்க் குழாயைச் சரிசெய்து, பராமரிக்க ஆளைப் பயிற்றுவித்துவிட்டு விலகிவிடலாம். அப்படியானால், ‘இது 18 மாதங்களில் முடியும், முடிய வேண்டும்’ என்று துணிந்து எழுதுங்கள். குழுவில் அந்த வரியைப் படித்தால் சிலருக்கு முகம் மலரும்.

கேள்வி: விண்ணப்பம் எழுதித் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். நிதி கிடைத்தால் அதில் பத்து சதவீதம் போதுமாம், கிடைக்காவிட்டால் ஒன்றும் வேண்டாமாம். நியாயமாகத்தானே தெரிகிறது?
– அமைப்புச் செயலாளர்

பதில்: வேண்டாம். நிதி திரட்டும் தொழிலில் இருப்பவர்களின் சங்கமான ‘அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் புரொஃபெஷனல்ஸ்’ தன் நெறிமுறையிலேயே சதவீதக் கூலியை விலக்கியிருக்கிறது. அந்தப் பத்து சதவீதத்தை எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவீர்கள்? நோயாளிகளுக்கு என்று வாங்கிய பணத்தில் அதற்கு நேர்மையான தலைப்பு எதுவும் கிடையாது. உதவி வேண்டுமென்றால், உழைத்த நேரத்துக்கு உங்கள் சொந்த நிதியிலிருந்து கூலி கொடுங்கள். எழுதித் தரும் ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் களத்துக்கு ஒருநாள் அழைத்துப் போகாமல் எழுத விடாதீர்கள்.

கேள்வி: மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை அடுத்த சுற்றில் மறுபடி அனுப்பலாமா? அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தால் தொந்தரவாக நினைப்பார்களா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: விதி தடுக்காவிட்டால் அனுப்பலாம். அழைக்கலாமா என்பதையும் அவர்களுடைய அறிவிப்பே பெரும்பாலும் சொல்லிவிடும். அழைக்கலாம் என்று எண்ணைக் கொடுத்திருப்பவர்கள் அழைப்பை எதிர்பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். “ஏன் மறுத்தீர்கள்?” என்று கேட்காதீர்கள், மறுமுனையில் தற்காப்புதான் வரும். “எங்கள் விண்ணப்பத்தில் எந்தப் பகுதிக்காகப் பேசுவது உங்களுக்குக் கடினமாக இருந்தது?” என்று கேளுங்கள். பிறகு குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.