அடைமழைக்கும் மார்கழிப் பனிக்கும் கோழிக்கூடு: கேட்டதும் சொன்னதும்

அக்கா, பத்து நாட்டுக்கோழிக்குக் கூடு வேணும். கையில 3,000 ரூபாய்தான் இருக்கு. முடியுமா? (மன்னார்குடி)

முடியும் தம்பி. பகல்ல வெளியே மேயுற கோழிக்கு, ராத்திரி அடைய ஆளுக்கு 1 சதுர அடி போதும். பத்துக்கு 4 அடிக்கு 3 அடி தாராளம். மழைத்தண்ணி ஏறாம 2 அடி உயரக் கால் வைங்க. சட்டத்துக்குச் சவுக்குக் கம்பு, தரைக்கு வீடு இடிச்ச இடத்துப் பழைய பலகை, கூரைக்குக் கீற்று, அதுமேல பழைய பிளக்ஸ் பேனர். இதுக்கெல்லாம் பெருசா செலவில்லை. காசை வலையில போடுங்க. சன்னக் கம்பிக் கோழிவலையை மரநாய் பிச்சிடும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ்தான், அதாவது பத்தவெச்ச கெட்டிக் கம்பிவலைதான் வேணும். என் முதல் கூட்டுல வலைக்குக் கணக்குப் பார்த்தேன். ஒரே ராத்திரியில ஏழு கோழி போச்சு. அந்தக் காலைப்பொழுது இன்னும் மனசுல இருக்கு.

மழைச்சாரல் படக்கூடாதுன்னு சுத்தித் தார்ப்பாய் கட்டினேன். அப்படியும் கோழிங்க கர்கர்னு மூச்சு விடுதுங்க. குளிர் ஒத்துக்கலையா? (கடலூர்)

குளிர் இல்லம்மா, அந்தத் தார்ப்பாய்தான். கோழியோட உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் வரும், மேல இறகுப் போர்வை வேற. நம்ம ஊர்க் குளிரை வளர்ந்த கோழி தாங்கிடும். தாங்காதது ஈரமும் அடைச்ச காத்தும். எச்சத்துல முக்கால் பங்கு தண்ணிதான். மூச்சிலயும் ஈரம் வருது. வெளியேற வழியில்லாம அது தரையில பரப்புற கூளத்துல இறங்கினா அமோனியா கிளம்பும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும், சளிக்கிருமி அதுல வந்து உட்காரும்.

நாளைக்கு விடிஞ்சதும் கூட்டைத் திறந்து, கோழி நிக்கிற உயரத்துக்குக் குனிஞ்சு மூச்சை இழுத்துப் பாருங்க. உங்க கண்ணு எரிஞ்சா, ராத்திரி முழுக்க அதுக்கும் எரிஞ்சிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகைச் சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்குப் பக்கமாத்தான் அடிக்கும். அந்த ரெண்டு பக்கத்துக்கு மட்டும் சாக்கைக் கீழேயிருந்து மேலே கட்டி, கூரைக்குக் கீழ அரை அடி திறப்பா விடுங்க. கூரையை ஒன்றரை அடி வெளியே இறக்கிட்டா அந்தத் திறப்பு வழியா மழை வராது. நோவு கண்ட கோழியை இன்னிக்கே தனியாப் பிரிச்சு, கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க.

கூளத்துக்கு எது நல்லது? (அரியலூர்)

நெல் உமி இல்லேன்னா கடலைத்தோல், 3 அங்குலம். மழை நாள்ல தினமும் கிளறணும். நனைஞ்சதை அள்ளிட்டுப் புதுசு போடணும். தண்ணிக் கிண்ணம் கூட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

எங்களுக்கு உறைபனி விழும். தகரக் கூரை. மழையே இல்லாம விடியக்காலையில உள்ளே தண்ணி சொட்டுதே? (கோத்தகிரி)

அது கோழியோட மூச்சுதான். சூடான ஈரக்காத்து சில்லுன்னு இருக்கிற தகரத்துல பட்டுத் தண்ணியாகுது. தகரத்துக்கு அடியில பலகையோ மூங்கில் தட்டியோ அடிச்சு, நடுவுல வைக்கோல் திணிங்க. தெர்மாகோல் வேண்டாம், கொத்தித் தின்னுடும். காத்துக்கு மேல வழி விடுறது உங்க ஊருக்கும் உண்டு. அடையுற கோழி மேல நேரா வீசாம பார்த்துக்கோங்க. உட்காரும் கட்டை 2 அங்குல அகலத்துல தட்டையா இருக்கட்டும். அப்பத்தான் விரலை வயித்து இறகால மூடிக்கும்.

இருபது குஞ்சுக்கு எல்இடி பல்பு போட்டேன். ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்குதுங்க. (தேனி)

எல்இடி வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேணும். குஞ்சுக்கு 2 வாட் கணக்குல 40 வாட், பனி அதிகம்னா 60. குவிஞ்சு கிடந்தா பல்பை இறக்குங்க, விலகி ஓடினா ஏத்துங்க. சாக்கு பல்புல படவே கூடாது, தீப்பிடிச்சிடும். தாய்க்கோழி கூட இருந்தா பஞ்சாரமே போதும்.

மார்கழியில முட்டை நின்னுபோச்சே? (ஈரோடு)

பகல் குறைஞ்சு பதினொன்றரை மணி நேரத்துக்குக் கிட்ட வந்திடுது. முட்டை நல்லா இட 14 மணி நேரம் வெளிச்சம் வேணும். இறகு உதிர்ற கோழியும் முட்டையை நிறுத்தும். ஓய்வெடுக்கட்டும், விடுங்க.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு எப்ப தடுப்பூசி? (சிவகங்கை)

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. மழை தொடங்கறதுக்கு முன்னாடியே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துல கேட்டு வைங்க. நோய் வந்தப்புறம் அதுக்கு மருந்து கிடையாது.